மூடி மாலை

அந்த ஊரில் வேலி, கோழிக்கூடு, குளியலறைக் கதவு, ஜன்னல் மறைப்பு எல்லாமே தகரம்தான். ஆலையில் அச்சுப் பிசகிய தகடுகளைத் தொழிலாளிகளுக்குச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதனால் எந்தத் தெருவில் நடந்தாலும் தலைகீழாக ஒரு அன்னாசிப்பழம், இரட்டை மூக்கு வைத்த குழந்தை, பாதியில் நின்றுபோன பிஸ்கட் பெயர் என்று ஏதாவது ஒன்று வேலியிலிருந்து நம்மைப் பார்க்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

டப்பா ஆலையைக் கோடைத் தொடக்கத்தில் மூடினார்கள். எண்ணெயும் பெயின்டும் பிஸ்கட்டும் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்ட காலத்தில் தகர டப்பாவை யார் சீந்துவார்கள் என்பது கம்பெனியின் கேள்வி. நியாயமான கேள்விதான். அதைக் கடைசி நாள் வரைக்கும் வாய் திறந்து சொல்லாமல் வைத்திருந்தது மட்டும் கம்பெனியின் கெட்டிக்காரத்தனம். ஆலை போனதும் வாசலில் இருந்த டீக்கடைகளில் ஒன்றுதான் மிஞ்சியது. சைக்கிள் ஸ்டாண்டில் நாய்கள் காலை நீட்டிப் படுத்தன. முடி திருத்துகிறவர் கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை, ஆனால் முடி வெட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. பெஞ்சு இருந்தது, மின்விசிறி இருந்தது, வந்தார்கள்.

ஊரின் எதிர்காலத்தை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் முடிவு செய்தார்கள். ஷெட்டை இடித்துவிட்டுக் கல்லூரி கட்டப் போகிறார்கள் என்றார் ஒருவர். யார் படிப்பது என்று கேட்டதற்கு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். குளிர்பதனக் கிடங்கு வருகிறது என்றார் இன்னொருவர். சங்கச் செயலாளர் மட்டும் அடித்துச் சொன்னார். ஒரு முதலாளி மெஷின்களோடு ஆலையை அப்படியே எடுத்து நடத்தப் போகிறார், பேச்சு நடக்கிறது, பெயரை இப்போது வெளியே சொல்லக் கூடாது. பெயர் சொல்லாததாலேயே பலர் அதை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை முழுக்க ஒரு பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டருடைய பூட்டு.

தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினுக்கு ஈவு இரக்கம் கிடையாது. தகடு எது, விரல் எது என்று அது பிரித்துப் பார்க்காது. இந்த ஊரில் விரல் விட்டு எண்ணச் சொன்னால் ஆளுக்கு ஒரு விடை வரும் என்று ஆலைக்காரர்களே கேலி பேசுவார்கள். அதனால் மெஷினுக்குள் கை விடுகிறவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் கைப்பிடியில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, 'ஆள் உள்ளே' என்று எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவர்தான் திறக்கலாம். கம்பெனி எழுதி ஒட்டிய சட்டம்தான் அது. ஆனால் ஒருமுறை அவசரம் என்று ஒரு மேற்பார்வையாளர் பூட்டை அறுக்கச் சொல்லிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். பூட்டியவன் உள்ளே இருந்தான். வலது கையில் ஒன்றரை விரல் போயிற்று. அச்சுக்கு அடியிலிருந்து அவனை இழுத்து எடுத்தவர் ஃபிட்டர். ஃபிட்டருடைய மனைவிக்கு அவன் உடன்பிறந்த தம்பி. புண் ஆறியபோது ஊர் அவனுக்கு 'மூணரை' என்று பெயர் வைத்திருந்தது. அவனும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தான். அன்றிலிருந்து அந்த ஊரில் அடுத்தவர் பூட்டை அறுக்க யாருக்கும் கை வராது. வீட்டில் சாவி தொலைந்த பெட்டியைக்கூடக் கீலைக் கழற்றித்தான் திறப்பார்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. வேலை முடிந்தும் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஷிஃப்ட் அப்படியே நின்றுபோகும். மறந்தவரை மறுநாள் தொழிலாளிகளே தண்டித்தார்கள். கழிவு மூடிகளில் ஓட்டை போட்டு, நூலில் கோத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மாலையாகப் போட்டுவிடுவார்கள். ஷிஃப்ட் முழுக்க அதோடுதான் வேலை. நடந்தால் கலகல, குனிந்தால் கலகல. சங்கு ஊதிய பிறகு மற்றவர்கள்தான் கழற்ற வேண்டும், தானாகக் கழற்றக் கூடாது. இந்த மூடி மாலையைக் கண்டுபிடித்தவரே ஃபிட்டர்தான். செயலாளருக்குப் போட்டிருக்கிறார், சொந்த மச்சினனுக்கும் தயவு பார்க்காமல் போட்டிருக்கிறார். அவர் கழுத்தில் மட்டும் அது ஏறியதே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கடைசி நாள் அவர் மெயின் சுவிட்சில் பூட்டைப் போட்டுவிட்டு, பிரஸ்களுக்குத் தகடு கொண்டுபோகும் பெல்ட்டைப் பிரித்து வைத்திருந்தார். எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். சிலர் கத்தினார்கள், சிலர் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் அழுகை கேட்டது. ஃபிட்டர் கையில் ஸ்பானரோடு நின்றார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. வேலையிலிருந்து வந்ததும் பூட்டையும் சாவியையும் அதில்தான் மாட்டுவார். மறுநாள் துணி துவைக்க எடுத்தபோது பேன்ட் பையில் சாவி மட்டும் கிடைத்தது. அவருடைய மனைவி பேக்கிங் பிரிவில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவள். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்குள் ஆலை வாசலில் சீல் வைத்துவிட்டார்கள்.

வாட்ச்மேன் மூலம் விஷயம் வெளியே வந்தது. மெயின் சுவிட்சில் ஃபிட்டர் பூட்டுத் தொங்குகிறது. செயலாளர் ஒரு மூச்சு யோசித்தார், அவ்வளவுதான். நம் தோழர் போகிற போக்கில் ஆலையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், இனி அவர் திறக்காமல் அங்கே ஒரு திருகாணி நகராது என்று முழங்கினார். ஃபிட்டர் மறந்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு மாலை போட்ட மனிதர் எப்படி மறப்பார்? டீக்கடையில் அவரிடம் காசு வாங்க மறுத்தார்கள். முதல் தடவை அவர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ தோளில் தட்டிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டார். அப்படி மூடியது மூடியதுதான்.

பழைய இரும்புக் காண்ட்ராக்டர் ஒருவர் மெஷின்களை விலைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இளவயது, மரியாதையான பேச்சு. மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்ற உள்ளூர் ஆட்களே போதும், மழைக்காலம் முடியும் வரை வேலை இருக்கும் என்றார். அதற்குக் கிரேன் ஓட வேண்டும், கிரேனுக்கு மெயின் சுவிட்ச் வேண்டும். அவர் கூட்டி வந்த எலக்ட்ரீஷியன் பூட்டையும் சிவப்பு அட்டையையும் பார்த்துவிட்டு, பூட்டியவரைக் கண்ணால் பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டான். காண்ட்ராக்டர் மூணரையை மேஸ்திரியாக வைத்துக்கொண்டார். ஊர் மூணரையை ஏசியது. ஃபிட்டரின் பூட்டுத் தொங்கும்போது உள்ளே போய் வேலை செய்கிறவன் துரோகி என்று பெஞ்சில் தீர்மானமாயிற்று. ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அந்த ஒற்றுமையைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுப்படிகளில் மட்டும் அவ்வளவு அழகாக இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தூறல். கூரைத் தகடுகளில் பொரி வறுப்பதுபோல் சத்தம். ஃபிட்டரின் மனைவி பஸ் நிறுத்தத்தில் விற்பதற்காக முட்டை அவித்துக்கொண்டிருந்தாள். சில நாட்களாக அதுதான் அந்த வீட்டு வருமானம். வாங்குகிறவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். மூணரை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தான், கையில் கொஞ்சம் வெங்காயம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தான். மழை, முட்டை விலை, பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது என்று சுற்றி வளைத்துப் பேசினான். அக்காதான் கடைசியில், வந்த விஷயத்தைச் சொல்லு தம்பி என்றாள்.

"திங்கட்கிழமை வரைக்கும்தான் பொறுப்பேன்னு காண்ட்ராக்டர் சொல்லிட்டாரு மாமா. அதுக்கப்புறம் வெளியூர் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துருவாராம். அவங்களே பூட்டை அறுத்துக்குவாங்க. நம்ம ஆளுங்க ஒருத்தனுக்கும் வேலை கிடையாது."

ஃபிட்டர் முட்டையின் ஓட்டைத் துளித் துளியாக உரித்துக்கொண்டிருந்தார். வேறு முதலாளி வருவதாகச் செயலாளர் சொல்கிறாரே என்றார்.

"நீங்க அதை நம்பறீங்களா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்காக மாமா அந்த மெஷினைக் காப்பாத்தறீங்க?"

அவர் ஓட்டுத் துணுக்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். மூணரை கையைத் தூக்கிக் காட்டினான். "அறுக்கிற மெஷினை என் கையில குடுத்தாரு. உன் மாமா பூட்டுத்தானே, நீயே அறுன்னாரு. அவரு மேல தப்பில்ல, அவருக்கு என்ன தெரியும்? போர்டு வரைக்கும் போனேன். அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்ததும் மெஷினைக் கீழ வச்சுட்டு, பிரஸுக்கு அடியில போய்க் குனிஞ்சு பார்த்தேன். நீங்க வீட்ல இருக்கீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் பார்த்தேன்."

எழுந்து சாக்கை எடுக்கப் போனவன் கதவுக்குப் பின்னால் ஆணியைப் பார்த்தான். சாவி மட்டும் தொங்கியது. வீம்புக்குப் பூட்டிவிட்டு வந்தவன் சாவியை ஒளித்து வைத்திருப்பான், அல்லது எல்லார் முன்னாலும் ஆட்டிக் காட்டியிருப்பான். வேலை விட்டு வந்த நாள்போல வழக்கமான ஆணியில் மாட்டி வைத்திருக்க மாட்டான். மூணரை அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"திங்கட்கிழமை காலைல வாங்க மாமா" என்றான் வாசலில் நின்று. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவன் போன பிறகு ஃபிட்டர் உரித்த முட்டையைத் தின்னாமல் தட்டில் வைத்தார். நீயே கொண்டுபோய் அவனிடம் சாவியைக் கொடுத்துவிடேன் என்று மனைவியிடம் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

"நான் குடுக்க மாட்டேன்" என்றாள் அவள். "உங்க பூட்டு. வேற யார் திறந்தாலும் அதுவும் அறுக்கறதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலை வாசலில் கூட்டம் போட்டார் செயலாளர். ஃபிட்டருக்கு மட்டும் நாற்காலி. தன்னந்தனியாக ஒரு பூட்டு ஒரு கம்பெனியையே நிறுத்தி வைத்திருக்கிறது என்று செயலாளர் பேசிக்கொண்டே போனார். ஃபிட்டர் செருப்பின் வாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்தபோது வார்னிஷ்காரர் அவருக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். டப்பாவுக்குள் பூச்சு அடித்து அடித்து நுரையீரல் கெட்டுப்போன மனிதர். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார்.

"காண்ட்ராக்டர் என்னையும் கூப்பிட்டாருப்பா. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். மாட்டேன்னுட்டேன். வீட்ல ஒரே சண்டை. அவ கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டா. போகட்டும். நீ ஒருத்தன் அங்க பூட்டிட்டு நிக்கறப்போ நான் எப்படிப் போறது?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். ஃபிட்டருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். புகழ்ச்சியை எல்லாம் எப்படியோ மென்று விழுங்கிவிட்ட ஃபிட்டருக்கு இதை விழுங்க முடியவில்லை. எழுந்து நாற்காலியை மடக்கி வைத்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தார். தண்ணீர்ப் பானை மேல், சர்க்கரை டப்பா மேல், எண்ணெய் விளக்குக்கு அடியில் என்று அந்த வீட்டில் எங்கே கை வைத்தாலும் ஒரு மூடி அகப்படும். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார். போதாமல் பின்பக்கம் போய்க் கோழிக்கூட்டில் ஆணியடித்திருந்தவற்றையும் பெயர்த்துக்கொண்டு வந்தார். மனைவி அடுக்கிய மூடிகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் நைலான் நூலும் சுத்தியலும் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஆணியைப் பிடித்து ஓட்டை போட்டார். அவள் கோத்தாள். மத்தியானம் முழுக்க அந்த வேலைதான். நடுவில் ஒருமுறை, இவ்வளவு நீளம் போதுமா என்று தூக்கிக் காட்டினாள்.

"இடுப்பு வரைக்கும் வரணும்" என்றார் அவர். "சட்டம்னா சட்டம்."

"நீங்க போட்ட சட்டம்தானே" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அவருக்கும் கொஞ்சம் வந்தது.

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஃபிட்டர் ஆலை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கலகல என்று சத்தம் கேட்டதும் வீட்டு வாசல்களில் தலைகள் தெரிந்தன. அந்தச் சத்தத்தை அறியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. முடி திருத்துகிறவர்தான் கடை வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, அடப்பாவி மறந்துட்டியா என்று கேட்டு, அடக்க மாட்டாமல் சிரித்தார். பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சிரிப்பு வீடு வீடாகப் பரவியது. ஆலை மூடிய பிறகு அந்தத் தெருவில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. ஃபிட்டர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, குனிந்தும் போகவில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பின்னால் ஊரே நடந்தது.

வாசலில் காண்ட்ராக்டரும் மூணரையும் நின்றிருந்தார்கள். வெளியூர் ஆட்களின் லாரி ஒன்று தள்ளி நின்றது. இது என்ன வேஷம் என்று காண்ட்ராக்டர் கேட்டார். எங்க தொழில்ல ஒரு தண்டனைங்க என்று மட்டும் சொல்லிவிட்டு மூணரை கதவைத் திறந்தான்.

செயலாளர் ஓடி வந்து வழியை மறித்தார். அவருக்கு மூச்சிரைத்தது. இவனைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டார்கள், மச்சினன் மூலமாக மிரட்டியிருக்கிறார்கள், மறந்தேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். உண்மையைவிட அதை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

"யாரும் மிரட்டல" என்றார் ஃபிட்டர். "அன்னைக்கு மேனேஜர் படிச்சதைக் கேட்டதும் கை கால் ஓடல. பூட்டு ஞாபகமே வரல. வீட்டுக்குப் போயிட்டேன். அவ்வளவுதான். அப்புறம் நீங்க எல்லாரும் பெருசா பேசினீங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. அதனால சும்மா இருந்துட்டேன்."

வார்னிஷ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் சிரிக்கவில்லை. "அப்போ நாங்க இத்தனை நாள் எதுக்குய்யா பட்டினி கிடந்தோம்?"

"என்னாலதான்" என்றார் ஃபிட்டர்.

வார்னிஷ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அடித்துவிடுவார் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் ஃபிட்டரைத் தாண்டிப் போய், காண்ட்ராக்டரிடம் தனக்கு இன்னும் வேலை இருக்கிறதா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக நின்றார்கள். வெளியூர் ஆட்களின் லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். செயலாளர் வெகுநேரம் தனியாக நின்றார். கடைசியில் அவரும் வந்து வரிசையில் சேர்ந்தார். முன்னால் நின்றவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

ஃபிட்டர் பூட்டைத் திறந்தார். சிவப்பு அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பழக்க தோஷத்தில் எல்லாரும் ஒருமுறை திரும்பி, யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று ஷெட்டுக்குள் பார்த்தார்கள். யாரும் இல்லை. மூணரை கைப்பிடியை ஏற்றினான். விளக்குகள் எரிந்தன. தூசி படிந்த பிரஸ்கள் வரிசையாக நின்றன. கிரேனின் கொக்கி மெதுவாக இறங்கியது.

அன்று முழுக்க வேலை நடந்தது. ஃபிட்டர் மாலையோடே போல்ட்டுகளைத் தளர்த்தினார். முதலில் வெளியே வந்தது அவர் கடைசி நாள் பிரித்துப் போட்டிருந்த பெல்ட். அதை மறுபடி மாட்டாமலே லாரியில் ஏற்றினார்கள். மத்தியானம் அவர் மனைவி ஒரு கூடை முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து உள்ளேயே விற்றாள். கூடை காலியாயிற்று. இந்த மெஷினெல்லாம் போன பிறகு இந்த ஷெட்டில் என்ன வரும் என்று சாப்பிடும்போது பேச்சு வந்தது. கிடங்கு என்றார்கள், கல்லூரி என்றார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், இரும்பு வரைக்கும்தான் தனக்குத் தெரியும் என்றார். மழைக்காலம் முடிந்ததும் பாதிப் பேர் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டே ரொட்டியைத் தின்றார்கள்.

பொழுது சாய்ந்ததும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். சங்கு ஊத ஆளில்லை. மாலையை யார் எப்போது கழற்றுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூணரை ஒருமுறை கையைக் கொண்டுவந்தான். ஃபிட்டர் தலையை அசைத்து, சங்கு ஊதலையே என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மூணரை கையை எடுத்துக்கொண்டான். அவர் கலகலவென்று தெருவில் தனியாக நடந்து வீடு வந்து சேர்ந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மனைவி காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கதவுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார்.

"கழட்ட வேண்டியதுதானே?"

"ஷிஃப்ட் முடியலையே" என்றார்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஆலையில் அவளும் ஒரு தொழிலாளிதான். மற்றவர்கள்தான் கழற்ற வேண்டும் என்ற சட்டத்தில் அவளுக்கும் இடமிருந்தது.

"முடிஞ்சிருச்சு" என்றாள். "ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுங்க. குனிங்க."

அவர் குனிந்தார். அவள் மாலையைத் தலை வழியாக எடுத்தாள். கழுத்தில் நூல் அழுத்திய இடம் சிவந்து கன்றியிருந்தது. விரலால் அதை ஒருமுறை தடவினாள். பிறகு அவர் பையிலிருந்து பூட்டையும் சாவியையும் எடுத்து, சேர்த்து, ஆணியில் மாட்டினாள்.